செவிலியர் பணியில் நிபுணத்துவம் எப்படி வளர்கிறது?

செவிலியர் பட்டப்படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொது வார்டில் பணியாற்றும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கேனுலா போடுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் கைவந்துவிட்டன, ஆனால், மூத்த செவிலியர் ஒருவர் கட்டிலருகே சென்ற மாத்திரத்தில் "இவர் நிலைமை சரியில்லை" என்று சொல்வதைப் போல் உங்களால் சொல்ல முடியவில்லை, அந்த நிலையை அடைய எந்தப் படிப்பில் சேர வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறினால் அது விரைவில் கிடைக்குமா?

உங்கள் இப்போதைய தேவை இன்னொரு சான்றிதழ் என்று எனக்குத் தோன்றவில்லை. படிப்பைப் பற்றியும் பிரிவு மாற்றத்தைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த மூத்தவரிடம் நீங்கள் கண்டு வியக்கும் திறமை எதனால் ஆனது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது பிறவியில் வந்த உள்ளுணர்வு என்று நினைத்து ஒதுங்கிவிடுபவர்களையும், வருடங்கள் போனால் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்களையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இரண்டு எண்ணமும் அவர்களின் வளர்ச்சியைத் தடுத்துவிட்டன.

செவிலியரின் வளர்ச்சியைப் பற்றி இன்று உலகெங்கும் பேசப்படும் சட்டகத்தை 1984இல் முன்வைத்தவர் அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர். சதுரங்க வீரர்களும் விமானிகளும் எப்படித் தேர்ச்சி அடைகிறார்கள் என்று ஆய்வாளர்களான ட்ரைஃபஸ் சகோதரர்கள் வகுத்திருந்த படிநிலைகளை அவர் செவிலியர் பணிக்குப் பொருத்திப் பார்த்தார். புதியவர், தொடக்கநிலை கடந்தவர், தகுதியாளர், தேர்ச்சியாளர், வல்லுநர் என்று ஐந்து நிலைகள். ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவர் பெரும்பாலும் தகுதியாளர் நிலையில் இருப்பார் என்கிறார் பென்னர். நீங்கள் இப்போது நிற்கும் இடம் இதுவே. வேலையைத் திட்டமிட்டுச் செய்ய முடிகிறது, எதை முதலில் கவனிப்பது என்று தெரிகிறது, ஷிஃப்ட் குலைந்துபோவதில்லை. அடுத்த நிலையில் இருப்பவர் தனித்தனி அறிகுறிகளைக் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வருவதில்லை. நிலைமையை முழுமையாகக் கண்டு, அதில் எது பொருந்தாமல் நிற்கிறது என்று கவனிக்கிறார். இந்தத் தாவல் எல்லோருக்கும் நேர்வதில்லை. தகுதியாளர் நிலையிலேயே பணிக்காலம் முழுவதையும் கழிப்பவர்கள் உண்டு. அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது, பலர் மிகவும் உழைப்பவர்கள்.

ஏன் சிலருக்கு நேர்கிறது, சிலருக்கு நேர்வதில்லை? தீர்மானிக்கும் திறனை ஆராய்ந்த டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு தெளிவான விடை இருக்கிறது. ஒருவருடைய உள்ளுணர்வை நம்பலாமா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது என்று அவர்கள் கருதினார்கள். முதலாவது, அந்தத் துறையில் அறிகுறிக்கும் விளைவுக்கும் உறுதியான தொடர்பு இருக்க வேண்டும். இரண்டாவது, தன் கணிப்பு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குப் போதிய அளவு கிடைக்க வேண்டும். செவிலியர் பணியில் முதலாவது இருக்கிறது. உடல் தன் தளர்ச்சியைப் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் முன்கூட்டியே காட்டுகிறது. இரண்டாவதில்தான் இடர்ப்பாடு. ஷிஃப்ட் முடிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். கவலையோடு பார்த்துவிட்டு வந்த நோயாளி இரவில் தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டாரா, இல்லை மறுநாள் எழுந்து நடந்தாரா என்பது பல நேரம் உங்களுக்குத் தெரியவே வருவதில்லை. விடைத்தாள் திருத்தப்படாமலேயே தேர்வு எழுதிக்கொண்டிருப்பது போன்றது இது.

ஆகவே என் முதல் ஆலோசனை: கணியுங்கள், பிறகு கணிப்பு என்ன ஆயிற்று என்று தேடிப் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் பொறுப்பேற்கும்போது, உங்கள் நோயாளிகளில் அடுத்த சில மணி நேரத்தில் யார் மோசமாகக்கூடும், எந்த வழியில் மோசமாவார், அது எந்த அறிகுறியில் முதலில் தெரியும் என்று மனத்துக்குள் ஒரு தெளிவான விடை சொல்லிக்கொள்ளுங்கள். "கவனமாக இருக்க வேண்டும்" என்ற பொதுவான எண்ணம் போதாது. "மூன்றாம் கட்டில்காரருக்கு இதயச் செயலிழப்பு, நேற்று நிறைய திரவம் ஏறியிருக்கிறது, மாலைக்குள் மூச்சு வாங்கலாம், படுத்தால் அதிகமாகும்" என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது தவறும். தவறினால்தான் எதைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம் என்று புரியும். மறுநாள் பணிக்கு வந்ததும் நோயாளியின் குறிப்பேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். அவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தால், உங்கள் பொறுப்பு செவிலியர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது முறையானது. இதைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வருவது நல்லது. ஆனால் பெயர், பதிவு எண், கட்டில் எண், தேதி என நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். குடலின் ஒரு பகுதியை நீக்கி, மீதியை இணைத்துத் தைத்த அறுவைச் சிகிச்சை முடிந்து நான்காம் நாள். நோயாளிக்கு அறுபது வயது, அறுபது கிலோ எடை, முன்பே உயர் இரத்த அழுத்தம் உண்டு. மாலை அளவீடுகள்: நிமிடத்துக்கு 22 மூச்சு, நாடித்துடிப்பு 104, ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதம், மேல் இரத்த அழுத்தம் 118, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸ். விழித்திருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் உருவாக்கி 2017இல் திருத்திய 'நியூஸ் 2' என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் இதைப் போட்டால், மூச்சுக்கு இரண்டு, நாடிக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று, ஆக மொத்தம் நான்கு வரும். அவசர மதிப்பீட்டுக்கான எல்லை ஐந்து. தகுதியாளர் நிலையில் உள்ள செவிலியர் நான்கு என்று எழுதி, அளவீடுகளை இன்னும் அடிக்கடி எடுக்க ஏற்பாடு செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். விதிப்படி அவர் செய்தது சரி.

வல்லுநர் என்ன செய்கிறார்? இரத்த அழுத்தம் 118 என்பது மற்றவருக்கு இயல்பு. ஆனால் இவருக்கு அறுவைக்கு முன் 150க்குக் குறையாமல் இருந்தது என்று பழைய தாளைப் புரட்டிப் பார்க்கிறார். சிறுநீர்ப் பையைப் பார்க்கிறார். கடைசி இரண்டு மணி நேரத்தில் முப்பது மில்லி மட்டுமே வடிந்திருக்கிறது, அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு முப்பது மில்லியாவது வர வேண்டும். போர்வையை நோயாளி ஓயாமல் இழுத்துவிடுவதையும், காலையில் தானே தண்ணீர் கேட்டு வாங்கியவர் இப்போது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பதையும் கவனிக்கிறார். "இப்போது எங்கே இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன கிழமை?" என்று மெதுவாகக் கேட்கிறார். விடை தவறாக வருகிறது. புதிதாக வந்த குழப்பத்துக்கு அந்த முறையில் மூன்று மதிப்பெண். மொத்தம் நான்கிலிருந்து ஏழாகிறது. ஏழு என்பது அவசர மீட்புக் குழுவை அழைக்க வேண்டிய எல்லை. 2017 திருத்தத்தில் குழப்பத்தைச் சேர்த்ததே இப்படிப்பட்ட நோயாளிகள் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டு வயிற்றுக்குள் தொற்று பரவுகிறதா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய நிலை இது.

இந்தச் செவிலியரிடம் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணையும் அந்த நோயாளியின் இயல்போடு ஒப்பிட்டார். எண்ணில் வராததையும் பார்த்தார். ஐயம் வந்ததும் அதைச் சோதிக்கும் ஒரு கேள்வியைக் கேட்டார். இம்மூன்றும் பழகிக்கொள்ளக் கூடியவை. செவிலியர் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006இல் செவிலியரின் மருத்துவத் தீர்மானத்தைக் கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படல், எண்ணிப்பார்த்தல் என நான்கு கூறுகளாகப் பிரித்தார். பயிற்சி வகுப்புகளில் நாம் மூன்றாவதற்கே பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறோம். முதலாவது சரியாக நடக்காவிட்டால் மற்ற மூன்றுக்கும் வேலையே இல்லை.

கவனித்தல் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால், மூச்சில் தொடங்குங்கள் என்பேன். மற்ற அளவீடுகளைக் கருவிகள் எடுத்துத் தந்துவிடுகின்றன. பொது வார்டில் மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டியிருக்கிறது. அதனாலேயே எண்ணாமல் 18 என்றோ 20 என்றோ எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. இது சிறு குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். தொற்றோ இரத்த இழப்போ திசுக்களுக்குப் போகும் ஆக்ஸிஜனைக் குறைக்கும்போது இரத்தத்தில் அமிலம் சேர்கிறது. கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றி அந்த அமிலத்தைச் சமன்செய்ய உடல் மூச்சை வேகப்படுத்துகிறது. அதே நேரத்தில் இரத்த நாளங்களைச் சுருக்கியும் இதயத்தை விரைவாக இயக்கியும் இரத்த அழுத்தத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கிறது. ஆக, பல நோயாளிகளிடம் மூச்சு முதலில் மாறும், அழுத்தம் கடைசியில் விழும். அழுத்தம் விழுந்த பிறகு விழித்துக்கொள்பவருக்கு மிகக் குறைந்த நேரமே மிஞ்சும். முழு நிமிடம் எண்ணுங்கள். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினால், தன் மூச்சைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வில் நோயாளி அதை மாற்றமாட்டார். அந்த நிமிடத்தில் கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேசுகிறாரா, கை ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கிறதா என்பதெல்லாம் தாமாகக் கண்ணில் படும், கையில் தெரியும். எந்தப் படிப்பிலும் சேராமல் நாளைக்கே தொடங்கக்கூடிய பயிற்சிகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்று எனக்குத் தெரியாது.

மேலே சொன்ன அமிலம், நாளச் சுருக்கம் ஆகியவை முதலாண்டுப் பாடங்களே. தேர்வுக்காகப் படித்து மறந்துபோன உடலியங்கியலை, பணியில் இருந்துகொண்டு, ஒரு குறிப்பிட்ட நோயாளியை நினைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். அப்போது அது வேறு பாடமாகத் தெரியும். ஒரே நாளில் பத்துத் தலைப்பு வேண்டாம். அன்றைக்குக் கண்ட ஒரு நிலைமை, அதற்குக் காரணமான ஒரு இயக்கம், அவ்வளவு போதும்.

மூத்தவரிடம் கற்றுக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலோர் "அனுபவம்தான்" என்பார்கள். மறைக்கிறார்கள் என்று பொருளில்லை. தாம் எதைப் பார்த்தோம் என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. கிராண்டல், கெட்செல்-ரெய்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றிய செவிலியரிடம், குழந்தைக்குத் தொற்று வந்திருப்பதை எப்படி முன்கூட்டியே அறிகிறார்கள் என்று விசாரித்து 1993இல் வெளியிட்டார்கள். பொதுவாகக் கேட்டபோது கிடைக்காத விவரங்கள், நடந்த ஒரு நிகழ்வை அடி அடியாகச் சொல்ல வைத்தபோது வெளிவந்தன. அவர்கள் பயன்படுத்திய குறிகளில் பல அன்றைய மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கவில்லை. இந்த முறையை நீங்களும் கையாளலாம். மூத்தவரிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். "அக்கா, நேற்று ஏழாம் கட்டிலில் மருத்துவரை அழைக்கச் சொன்னீர்களே, அதற்குச் சற்று முன் எதைப் பார்த்தீர்கள்? அப்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? எது வேறுமாதிரி இருந்திருந்தால் அழைத்திருக்கமாட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கான விடையில்தான் பெரும்பாலும் அவருடைய உண்மையான அளவுகோல் இருக்கும். சிலர் எரிச்சலடையலாம், அமைதியான நேரம் பார்த்துக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், தம் வேலையை ஒருவர் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதே அவர்களுக்கு நிறைவைத் தரும்.

உறவினரின் சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். "இவர் இப்படி இருக்கமாட்டார்" என்று மனைவியோ மகளோ சொன்னால், அது எந்தக் கருவியும் தர முடியாத ஓர் அளவீடு. குறிப்பாக முதியவர்களிடம் வரும் திடீர் மனக்குழப்பத்தின் அடங்கிய வகையில் நோயாளி கூச்சலிடமாட்டார்; சும்மா படுத்திருப்பார், கேட்டதற்கு மெல்லத் தலையசைப்பார். தொல்லை தராத நோயாளி என்று வார்டு அவரைக் கடந்து போய்விடும். அவருடைய இயல்பை அறிந்தவர் சொன்னால் மட்டுமே அது வெளிச்சத்துக்கு வரும்.

கண்டுபிடித்ததை உரியவரிடம் சேர்ப்பது தனித் திறன். இதில் தடுமாறும் நல்ல செவிலியர் பலர். நள்ளிரவில் மருத்துவரை எழுப்பி "நோயாளி சரியில்லை, வந்து பாருங்கள்" என்று சொன்னால், அவர் நாலு கேள்வி கேட்பார், இவர் தாளைத் தேடுவார், இருவருக்கும் பதற்றம் கூடும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற வரிசையில் சொல்லும் முறை எஸ்.பி.ஏ.ஆர். என்ற பெயரில் இன்று பரவலாக இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு, பிறகு கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவத்துக்கு வந்தது. மேலே சொன்ன நோயாளியைப் பற்றி அந்த முறையில் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், குடல் அறுவை முடிந்து நான்காம் நாளில் இருக்கும் நோயாளிக்குப் புதிதாகக் குழப்பம் வந்திருக்கிறது, நியூஸ் மதிப்பெண் ஏழு. வழக்கமாக 150 இருக்கும் அழுத்தம் 118, மூச்சு 22, நாடி 104, இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் முப்பது மில்லி. வயிற்றுக்குள் தொற்று தொடங்கியிருக்கலாம் என்று அஞ்சுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் இரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கட்டுமா?"

இதில் பலரும் தயங்கும் இடம் மூன்றாவது வாக்கியம். நோயைக் கணிக்க நமக்கு என்ன உரிமை என்று நினைத்து எண்களை மட்டும் ஒப்பித்து நிறுத்திவிடுகிறார்கள். நோயறுதி மருத்துவருடையது, ஆனால் எதை அஞ்சுகிறோம் என்று சொல்வது நம் கடமை, அது கேட்பவருக்கு எவ்வளவு விரைய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அஞ்சியது தவறாகிப் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணித்து, சரிபார்த்து, கற்றுக்கொள்ளும் சுழற்சியில் அதுவும் ஒரு படி. மருத்துவர் வர மறுத்து, உங்கள் கவலை தீரவில்லை என்றால், அடுத்த நிலையில் உள்ளவரை அழைக்க மருத்துவமனையில் ஒரு வழிமுறை இருக்கும். அதை அவசரம் வருவதற்கு முன்பே, இன்றே படித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பெறும் மருந்து உத்தரவைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துவதும், பேசியதை நேரத்துடன் பதிவு செய்வதும் இதே திறனைச் சேர்ந்தவை.

கைத்திறன்கள் வந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, அடிக்கடி செய்யாத திறன் விரைவாக மங்கும். இதயத் துடிப்பு நின்றவரை மீட்கும்போது நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே வேகமும் ஆழமும் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுநாள் வகுப்பைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை பொம்மையில் சில நிமிடங்கள் பழகுவது மேல். இன்னொன்று மருந்துக் கணக்கு. ஒரு லிட்டர் திரவத்தை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ட்ரிப் செட் மில்லிக்கு இருபது சொட்டு என்றால், மணிக்கு 125 மில்லி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. சூத்திரத்தைப் போடுவதற்கு முன்பே "நொடிக்கு ஒரு சொட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்" என்று மனத்தில் மதிப்பிடும் பழக்கம் வேண்டும். பத்து மடங்குப் பிழையைப் பிடிப்பது அந்த மதிப்பீடுதான், கணக்குக் கருவி பிடிக்காது. ஒவ்வொரு மருந்தையும் எதற்காகக் கொடுக்கிறோம், கொடுத்த பிறகு எதைப் பார்க்க வேண்டும், எப்போது கொடுக்காமல் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது தெரியாமல் சரியான நபர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று சரிபார்ப்பது மட்டும் போதாது. நாடி நிமிடத்துக்கு 48 இருப்பவருக்கு இதயத் துடிப்பை மெதுவாக்கும் டிஜாக்சினை அட்டவணைப்படி கொடுத்தால், ஐந்தும் சரியாக இருந்தும் செயல் தவறு.

இனி நீங்கள் கேட்ட படிப்புக்கு வருகிறேன். செவிலியரின் கல்வி நோயாளியின் உயிரோடு தொடர்புடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. செவிலியர் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு பத்து சதவீதம் கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் சேர்க்கப்பட்ட முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் குறைவதோடு தொடர்பு காணப்பட்டது. அதே ஆய்வில், ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால் அந்த வாய்ப்பு ஏழு சதவீதம் உயர்வதோடும் தொடர்பு இருந்தது. இரண்டாவது முடிவை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ஒருவர் எவ்வளவு படித்தாலும், முழு நிமிடம் மூச்சை எண்ண நேரமில்லாத அளவுக்கு நோயாளிகள் குவிந்தால் அந்தப் படிப்பு கட்டில் வரை போய்ச் சேராது. உங்கள் வளர்ச்சி தேங்கியிருப்பதற்கு வேலைப்பளுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை முழுவதும் உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்ணிக்கையை ஆவணப்படுத்தி மேலிடத்தில் எழுப்புவதும் தொழில்முறைக் கடமையே.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த நோயாளிகளைப் பற்றி உங்களுக்குக் கேள்விகள் ஓயாமல் எழுகின்றன என்று குறிப்பேட்டைப் பாருங்கள். ஆறாத புண்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்களா, வலி குறையாமல் இறுதி நாட்களைக் கழிப்பவர்களைப் பற்றியா, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பற்றியா, மனநலம் பற்றியா? அந்தத் திசையில் போவதே நல்லது, ஏனென்றால் சிறப்புத் துறையில் ஆழம் வர வருடங்கள் பிடிக்கும். சம்பளத்துக்காக மட்டும் எடுத்த துறையில் அந்தப் பொறுமை பெரும்பாலும் நிலைப்பதில்லை. பிறகு பாடத்திட்டத்தில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, நீங்கள் நோயாளியை மதிப்பிடுவதைப் பார்த்துத் திருத்தும் நேரம் எவ்வளவு? விரிவுரையும் இணையத் தேர்வும் மட்டுமே உள்ள படிப்பு அறிவைத் தரும். நீங்கள் தேடும் தீர்மானத் திறனைத் தராது. சான்றிதழை உங்கள் நாட்டுச் செவிலியர் குழுமம் ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். மேற்கொண்டு உயர்நிலைப் பணிக்குப் போக விரும்பினால், 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கிய நர்ஸ் ப்ராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் தரும் உயர்பயிற்சி பெற்ற செவிலியர்) வழி இன்று பல நாடுகளில் இருக்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே அதிகாரம் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறுவது பற்றி: அங்கே ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகள் குறைவு, செய்த செயலின் விளைவு சில நிமிடங்களிலேயே திரையில் தெரிந்துவிடும். கணிப்பைச் சரிபார்க்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் கற்றல் உண்மையாகவே விரைவாக நடக்கும். ஆனால் பென்னர் சொன்ன ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பழக்கமில்லாத துறைக்குப் போகும் செவிலியர், முன்பு எந்த நிலையில் இருந்தாலும், அங்கே மறுபடி புதியவராகவே தொடங்குகிறார். வென்டிலேட்டரும் பல மருந்துப் பம்புகளும் சூழ்ந்திருக்கும்போது கண் கருவிகளுக்குப் போய்விடும். நோயாளியின் முகத்தையும் கையையும் பார்க்கும் பழக்கம் முன்பே ஊறியிருந்தால்தான் அங்கே அது நிலைக்கும். ஆகவே இப்போதிருக்கும் வார்டில் கணித்துச் சரிபார்க்கும் பழக்கத்தைச் சில மாதங்கள் கைக்கொண்டுவிட்டு மாறுங்கள். மாறுவதற்கு முன் அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: எனக்கென்று ஒரு பயிற்சிச் செவிலியரை ஒதுக்குவீர்களா, அவரும் நானும் ஒரே ஷிஃப்டில் எத்தனை வாரங்கள் இருப்போம், வென்டிலேட்டரில் உள்ள நோயாளியைத் தனியாகப் பார்க்கத் தகுதியாகிவிட்டேன் என்று யார், எதை வைத்து முடிவு செய்வார்கள்? தெளிவான விடை வந்தால் தயங்காமல் சேருங்கள். "வந்து பாருங்கள், போகப் போகப் பழகிவிடும்" என்பதுதான் விடை என்றால், இன்னொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.